இரண்டரை வருடம், 1,900 படங்கள், ஒரு சில்வர் ஓக் பெஞ்ச்

ஏற்காட்டில் மாமா தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் காற்றில் சாய்ந்தது. காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் நின்ற மரம். விறகுக்குப் போக மனமில்லாமல் அறுத்து, 20 கொண்டை ஊசி வளைவையும் இறக்கி, சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பலகைகளுக்கு இடையில் ரீப்பர் கட்டை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் காய்ந்தது. 2022 ஜனவரியில் அதில் ஐந்தடி பெஞ்ச் ஒன்று செய்ய ஆரம்பித்தேன். முதல் ரம்பக் கோட்டிலிருந்து கடைசி பாலிஷ் வரை எல்லாவற்றையும் படம் எடுப்பது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதால் பெஞ்ச் முடிய ஏழு மாதம் ஆனது.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு வருடப் பழைய போன், 1,400 ரூபாய் டிரைபாட், ஒரு எல்.இ.டி. பேனல், ஒரு ரிங் லைட், ஒரு தெர்மாகோல் அட்டை. இவற்றில் அதிகம் உழைத்தது தெர்மாகோல்தான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தால் நிழல் பக்கமும் தெளிவாகத் தெரியும். ரிங் லைட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. பாலிஷ் போட்ட பலகையில் நிலா மாதிரி ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். இப்போது மகள் அதை வைத்து ரீல்ஸ் எடுக்கிறாள்.

டிரைபாட் ஆறாவது மாதமே மக்கர் செய்தது. மரத்தூள் புகுந்து காலின் பூட்டுகள் இறுகிவிட்டன. நான் புத்திசாலித்தனமாகத் தேங்காய் எண்ணெய் விட்டேன். தூள் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிட்டது. கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் சரியானது. இன்றுவரை ஓடுகிறது. போனுக்கும் இதே கதைதான். உப்புத்தாள் போடும்போது பறக்கும் நைசான தூள் ஸ்பீக்கர் ஓட்டையை அடைத்துவிடும். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, லென்ஸ் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடுகிறேன்.

நிறம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரே பலகை காலை வெளிச்சத்தில் இளஞ்சிவப்பு, டியூப் லைட்டில் பச்சை பூத்த மாதிரி, மாலையில் தேக்கு. வரிசையாகப் பார்த்தால் நான்கு பெஞ்ச் செய்ததுபோல இருந்தது. அப்புறம்தான் போனில் ப்ரோ மோடுக்குப் போய், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாக மாற்றும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்தேன். டியூப் லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் மட்டும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. இன்னொன்று, பக்கத்தில் போய் எடுத்தால் நேரான காலும் வளைந்து தெரியும். இரண்டடி பின்னால் தள்ளி, 2எக்ஸ் ஜூமில் எடுத்தால் கோணல் போய்விடும்.

சில்வர் ஓக்கில் ஒரு அழகு உண்டு. மையத்திலிருந்து வெளிப்புறமாக அறுத்த பலகையில் மீன் செதில் போலப் புள்ளிகள் மின்னும். நேர் வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே தட்டுப்படாது. எங்கள் போர்டிகோ கிழக்குப் பார்த்தது. காலை ஏழரை மணிக்கு வெயில் பலகை மேல் சாய்வாக விழும்போது மட்டும் அத்தனையும் எழுந்து வரும். கூடவே இழைப்புளி விட்ட வரிகளும் எழுந்து வரும், அது வேறு விஷயம். சரியாக இழைத்திருக்கிறோமா என்று பார்க்க அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

டைம்லாப்ஸுக்கு டிரைபாட் கால் நிற்கும் மூன்று இடங்களிலும் தரையில் மஞ்சள் பெயின்ட் புள்ளி வைத்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு படம். ஒரு மணி நேர வேலைக்கு 720 படம், ஓட்டிப் பார்த்தால் 24 விநாடி. எதிர்வீட்டு ஆசாரி அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, பெஞ்ச் செய்யறீங்களா, அதுக்குக் கல்யாண ஆல்பம் போடறீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நானே எடுத்தவற்றில் பாதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்த பெஞ்சைப் பூந்தொட்டியோடு வைத்து எடுத்த பத்துப் படங்களைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன். மீதியைச் சோம்பேறித்தனத்தால்தான் அழிக்காமல் விட்டிருந்தேன்.

2024 மே மாதம் பெஞ்ச் ஆட ஆரம்பித்தது. மழையில் உப்பி, சேலத்து வெயிலில் சுருங்கி, பின்பக்க இடது காலில் மூட்டு இளகியிருந்தது. எல்லா மூட்டும் காலில் துளை, அதற்குள் நுழையச் சட்டத்தில் நாக்கு என்று போட்டது. ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் வந்து அசைத்துப் பார்த்தார். "பக்கவாட்டுல துளை போட்டு மர ஆணி அடிச்சிடலாம். நாக்கு எத்தனை நூல் விட்டீங்க?" (எட்டு நூல் ஒரு அங்குலம்.)

"பத்து நூல் அண்ணே."

அப்படியானால் ஐந்தாவது நூலில், நாக்கின் நடுவில் துளைக்க வேண்டும். பென்சில் கோடும் போட்டாயிற்று. ஏதோ தோன்றி, பெவிகால் தடவுவதற்கு முன் எடுத்த படங்களைத் தேடினேன். லைட் சரியில்லை, ஓரத்தில் என் செருப்பு, கீழே இழைப்புச் சுருள். ஆனால் ஒவ்வொரு நாக்கின் பக்கத்திலும் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று நாக்குகள் பத்து நூல். நான்காவது, இந்த ஆடும் காலுக்கானது, ஐந்தேதான். தப்பாக அறுத்துவிட்டு, ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்று விட்டிருக்கிறேன்! சுத்தமாக மறந்துபோயிருந்தது. கோடு போட்ட இடத்தில் துளைத்திருந்தால் ஆணி பாதி காற்றில் நின்றிருக்கும்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். பென்சில் கோட்டை அழித்துவிட்டு இரண்டரை நூலில் புதுக்கோடு போட்டார். இரண்டு நூல் கனத்தில் தேக்கு ஆணி சீவிக் கொடுத்தார். அடிப்பதற்கு முன், "ஸ்கேலை வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கங்க தம்பி" என்றார்.