எட்டுத் துண்டு மூளை மாதிரி: சிறுமூளை இருக்கிறது, அதன் காம்புகள் இல்லை

பிசியோதெரபி மாணவர்களுக்கு நரம்பியல் கற்பிக்கும் எனக்கு, எட்டுத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கும் இந்தப் பிளாஸ்டிக் மூளை மாதிரியை வாங்கத் தோன்றியது, சிறுமூளை தனியாகக் கழன்று வரும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்ததால்தான். அதில் ஏமாற்றம் இல்லை. காந்தப் பிடியிலிருந்து இரு பாதிகளும் எளிதாக விடுபடுகின்றன. மேற்பரப்பின் மெல்லிய மடிப்புகளை விரல் நுனியால் தடவி உணர முடிகிறது. மூளையின் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில், மொத்த நரம்பு செல்களில் பாதிக்கும் மேல் எப்படி அடங்கின என்று கேட்பவரிடம் இந்த மடிப்புகளைத் தொட்டுக் காட்டிவிட்டு, அவற்றுள் அடர்ந்திருக்கும் கிரானுல் செல்கள் என்ற மிகச் சிறிய நரம்பு செல்களைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

நடுப்பகுதியான வெர்மிஸுக்கும் இருபுற அரைக்கோளங்களுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்திருப்பது, பாதிப்புகளை விளக்க மிகவும் உதவுகிறது. வெர்மிஸ் பாதிக்கப்பட்டால் உடற்பகுதி நிலைகொள்ளாது. நோயாளி கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பார். நீண்டகால மதுப் பழக்கம் பெரிதும் தாக்குவது வெர்மிஸின் முன்பகுதியை என்பதால், அத்தகையோரில் கைகளைவிட நடையே அதிகம் கெடுகிறது. அரைக்கோளம் பாதிக்கப்பட்டால் அதே பக்கக் கை தடுமாறும். மூக்கின் நுனியைத் தொடச் சொன்னால், கையை நிறுத்த வேண்டிய எதிர்த்தசை தாமதமாக இயங்குவதால் விரல் இலக்கைத் தாண்டிப் போகும். இலக்கு நெருங்க நெருங்க நடுக்கமும் கூடும்.

பெரிய குறை, சிறுமூளையை மூளைத்தண்டோடு பிணைக்கும் மூன்று இணைக் காம்புகளும் இதில் இல்லாததே. காம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் சமதளமான பிளாஸ்டிக்கும் ஒரு காந்தமும்தான் உள்ளன. பெருமூளையின் இயக்கத் திட்டம் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் வழியாக நடுக்காம்பில் வருகிறது. உடல் உண்மையில் என்ன செய்கிறது என்ற செய்தி, தண்டுவடத்திலிருந்தும் உட்செவியிலிருந்தும் பெரும்பாலும் கீழ்க்காம்பில் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் சிறுமூளை செய்யும் திருத்தம், முக்கியமாக மேல்காம்பு வழியே எதிர்ப்பக்கத் தாலமஸ் என்ற செய்தி நிலையத்துக்குப் போய்ப் பெருமூளையை அடைகிறது. அங்கிருந்து இறங்கும் இயக்கப் பாதை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் மீண்டும் பக்கம் மாறுவதால்தான், வலது சிறுமூளை சேதமடைந்தால் வலது கை தடுமாறுகிறது. பெருமூளை எதிர்ப்பக்க உடலை இயக்கும் என்ற பாடத்தை முடித்து வரும் மாணவர் இடது கை என்றே பதில் சொல்வார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பாதை மாதிரியில் இல்லாததால், வண்ண நூல்களை ஒட்டித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

உடன் வரும் கையேட்டை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். சிறுமூளை சேதமடைந்தால் தசைகள் செயலிழக்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். புறாக்களில் செய்த சோதனைகளின் அடிப்படையில், இயக்கம் அழிவதில்லை, அதன் ஒழுங்கே குலைகிறது என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஃப்ளோரன்ஸ் 1824ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பரிசோதித்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், தசைத்தளர்ச்சியையும் பலக்குறைவையும்கூடப் பதிவு செய்தார். ஆனால் அவை பக்கவாதம் அல்ல. பிழையைச் சுட்டிக்காட்டியபோது, எல்லா மாதிரிகளுக்கும் இதே கையேடுதான் என்று விற்பனையாளர் பதில் எழுதினார்.

தாங்கி வழுவழுப்பான மேசையில் சற்று வழுக்குகிறது. பள்ளி வகுப்புகளுக்கு இந்த மாதிரி தாராளமாகப் போதும். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு, துண்டுகள் குறைவாக இருந்தாலும் காம்புகள் உள்ள மாதிரியையே வாங்கச் சொல்வேன்.