நூலகத்தில் கூத்துப் பயிற்சி: மானியமா, நிறுவன நிதியா, மாதச் சந்தாவா?

எங்கள் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தெருக்கூத்துப் பயிற்சி நடத்த வேண்டும் என்று வாசகர் வட்டம் முடிவெடுத்தபோது, கலைஞர்களின் ஊதியத்துக்கு மூன்று வழிகள் தென்பட்டன: ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் மானியம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, ஊராரிடம் பெறும் மாதச் சந்தா. நாங்கள் சந்தாவைத் தேர்ந்தெடுத்தோம். இதே முயற்சியில் இறங்கும் மற்ற வாசகர் வட்டங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

நூலகத்திடமே பணம் இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. நூல், இதழ், கட்டடம், பராமரிப்பு ஆகிய தேவைகளே அதற்கு ஏராளம். 1000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்பவரின் பணமும் நூலகத்தின் வளர்ச்சிக்கானது. ஆகவே இடம், மின்சாரம், பெஞ்சுகள் ஆகியவை நூலகத்துடையவை, ஊதியம் நம்முடைய பொறுப்பு என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

அமைச்சக மானியத்தின் பலம் அதன் அளவு. விழாக்களுக்கும் அரங்கேற்றங்களுக்குமான திட்டத்தில் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை கோரலாம். ஆனால் விண்ணப்பிப்பது பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். கிடைத்த பணத்துக்குப் பட்டயக் கணக்காளர் கையொப்பத்துடன் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். தொகை முழுவதும் ஒரே தவணையில் வருவதில்லை என்பதால், கடைசித் தவணை வரும்வரை செலவைத் தாங்கிக்கொள்ளக் கையிருப்பும் தேவை.

நிறுவன நிதியில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொது நூலகங்கள் அமைப்பதும் மரபுக் கலைகளை வளர்ப்பதும் ஒரே உட்பிரிவில் இடம்பெற்றிருக்கின்றன. பேசிப் பார்த்தவரையில், நிறுவனங்கள் அலமாரி, கணினி போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு எளிதில் இசைகின்றன. ஓர் ஆசிரியரின் மாத ஊதியம் என்றதும் தயங்குகின்றன.

முடிவைத் தீர்மானித்தது தொகையின் அளவு அன்று. பணம் கலைஞரின் கைக்கு எந்த மாதத்தில் வந்து சேர்கிறது என்பதே. வட மாவட்டங்களில் பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்துக் காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் இரவு முழுக்க ஆடுபவரை ஞாயிறு காலை நூலகத்துக்கு வரச் சொல்வது நியாயமாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி ஆட்டங்கள் நின்று போகும்போதுதான் அவருக்கு நேரமும் இருக்கிறது, பணத் தேவையும் இருக்கிறது. ஒப்புதல் எந்த மாதத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிதி, சித்திரையில் வந்து சேர்ந்தால் ஆட ஆள் இருக்காது. மழைக் காலத்தில் வராமல் போனால், வாத்தியார் கட்டட வேலைக்குப் போய்விடுவார். கூத்து ஒருவர் மட்டும் செய்யும் கலையும் அன்று. மத்தளக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் அன்றே கிடைக்காவிட்டால், அடுத்த ஞாயிறு வாத்தியார் மட்டும் தனியாக வந்து நிற்பார்.

சந்தா இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மாதம் 200 ரூபாய் தர 30 பேர் இருந்தால் 6000 ரூபாய் சேரும். ஆண்டு முழுவதும் வசூலித்து, ஐப்பசி முதல் மாசி வரை செலவிட்டால், ஒவ்வொரு வகுப்பும் முடிந்த உடனே மூவருக்கும் ஊதியம் தர முடிகிறது. வரவு செலவு நோட்டு நூலகர் மேசையிலேயே இருக்கிறது. நாளிதழ் படிக்க வருபவர் யாரும் புரட்டிப் பார்க்கலாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிய புஜக்கட்டையை வாத்தியார் ஒரு சிறுமியின் தோளில் கட்டிவிடுவதைச் சந்தா கட்டுபவர்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள். அடுத்த மாதச் சந்தாவுக்கு நாங்கள் யாரிடமும் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இந்தப் பணத்தில் முழுக் குழுவையும் அழைத்து ஓர் இரவுக் கூத்து நடத்த முடியாது. பொன்னாடையும் பதாகையும் எதிர்பார்க்கும் நன்கொடையாளர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதிகம் தருபவரின் விருப்பப்படி கதையும் கலைஞரும் மாறிவிடக்கூடாது என்பதற்காகவே எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைத்திருக்கிறோம். வசூலுக்கு அலையும் ஓரிருவர் ஊர் மாறிப் போனால் ஏற்பாடு நிலைக்குமா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய விழாவோ, மூத்த கலைஞர்களின் ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்யும் பணியோ மனத்தில் இருந்தால், காத்திருக்க முடியும் என்பதால் மானியமே பொருத்தமானது.

எந்த வழியை எடுத்தாலும், முதல் வகுப்புக்கு முன்பே நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றுவிடுங்கள். மத்தள ஒலி படிப்பவர்களுக்கு இடையூறு என்று யாராவது முறையிட்டால், நேரமும் இடமும் குறித்த அந்தக் கடிதம் நூலகரைக் காப்பாற்றும்.