குறைந்த செலவுப் படத்துக்கு எந்த ரெக்கார்டர்? திருவையாற்றுப் பக்கம் மூன்று கருவிகளோடு ஆறு நாள்

திருவையாற்றை அடுத்த ஒரு சிற்றூரில், இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு ஒலிப்பதிவு செய்யும் பொறுப்பு கடந்த தை மாதம் என்னிடம் வந்தது. ஒலிக்கென்று இயக்குநர் ஒதுக்கியிருந்த தொகை குழுவின் ஆறு நாள் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பியைத் தாங்குவதும், பதிவாகும் ஒலியின் அளவை, அதாவது லெவலைப் பார்ப்பதும், கடைசியில் கேபிளைச் சுற்றி வைப்பதும் நான் ஒருவனே. நடிப்பவர்கள் ஊர்க்காரர்கள்; டப்பிங் அறையில் உட்கார்ந்து உதட்டசைவுக்குப் பேசச் சொன்னால் அவர்கள் பேச்சிலிருக்கும் உயிர் போய்விடும் என்பதால், வசனத்தைக் களத்திலேயே பிடித்தாக வேண்டியிருந்தது. டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், ஜூம் எச்4என் புரோ என்ற இரண்டு ரெக்கார்டர்களையும் நண்பர்களிடம் இரவலாக வாங்கிக்கொண்டேன். மூன்றாவதான ஜூம் எஃப்3 வாடகைக்குக் கிடைத்தது. ஒரே மைக்கை மூன்றிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ரெக்கார்டர் வாங்குபவர்கள் வழக்கமாக 96 கிலோஹெர்ட்ஸா 192 கிலோஹெர்ட்ஸா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது, பிட் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கிறது என்பது; படத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். இந்த மூன்று கருவிகளும் அதைத் தாண்டியே நிற்கின்றன. பார்க்க வேண்டியது மைக்கிலிருந்து வரும் நலிந்த மின்குறிப்பைப் பெருக்கும் பிரீஆம்ப் எவ்வளவு அமைதியானது என்பதைத்தான். பேசுபவர் தாழ்ந்த குரலில் பேசும்போது கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது மலிவான பிரீஆம்ப் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். 2009இல் வந்த பழைய எச்4என் கருவியின் குறையாகப் பலரும் சொன்னது இந்த உஸ்ஸென்ற இரைச்சலைத்தான். 2016இல் வந்த புரோ பதிப்பில் அது கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது நீட்டினால், பெயருக்குப் பின்னால் ‘புரோ’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்பட்டது இரண்டாம் நாள் திண்ணைக் காட்சியில். முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி, பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ முணுமுணுக்கிறார்; அடுத்த கணமே தெருமுனையில் போகும் பேரனை, “ஏலே, இஞ்ச வாடா!” என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடுகிறார். முணுமுணுப்புக்கு ஏற்றபடி கெயின் வைத்தால் கூப்பாடு உடைந்துபோகிறது. கூப்பாட்டுக்கு ஏற்றபடி வைத்தால் முணுமுணுப்பு அடியில் கிடக்கிறது. பிறகு அதை எடிட்டிங்கில் தூக்கினால் இரைச்சலும் கூடவே எழுகிறது. ஒத்திகையில் பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்றால், அந்தப் பாட்டி ஒத்திகையில் ஒரு முறைகூட உரக்கக் கூப்பிடவில்லை. டேக்கில்தான் கூப்பிட்டார்.

இந்த இக்கட்டுக்கு டிஆர்-40எக்ஸ் தரும் வழி எளிமையானது. அதன் இரட்டைப் பதிவு வசதியை இயக்கினால், நாம் வைத்த லெவலில் ஒரு கோப்பும், அதைவிடத் தாழ்ந்த லெவலில் இன்னொரு கோப்பும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. கூப்பாடு முதல் கோப்பில் உடைந்திருந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். எடிட்டருக்கு வேலை கூடும், ஆனால் டேக் தப்பிக்கும்.

எஃப்3 வேறு வழியில் போகிறது. அதில் கெயின் குமிழே கிடையாது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒலியை எண்களாக மாற்றும் இரண்டு டிஜிட்டல் மாற்றிகள் இருக்கின்றன. ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது உரத்த ஒலிக்கு. இரண்டும் தந்ததைச் சேர்த்து, மிக மெல்லிய ஒலியும் மிக உரத்த ஒலியும் ஒன்றாக அடங்கும் 32 பிட் ஃப்ளோட் என்ற வடிவக் கோப்பாக அது எழுதுகிறது. வேறு வடிவில் எழுதவும் செய்யாது. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அன்றிரவு பாட்டியின் டேக்கை கணினியில் திறந்தபோது கூப்பாட்டின் அலை மேலும் கீழும் மட்டமாக வெட்டுப்பட்டுத் தெரிந்தது; இயக்குநரின் முகம் வாடிவிட்டது. கிளிப்பின் ஒலியளவை 12 டெசிபல் இறக்கியதும், வெட்டுப்பட்டதாகத் தோன்றிய இடத்தில் முகடுகள் ஒவ்வொன்றாக வடிவம் பெற்று எழுந்தன. 24 பிட் கோப்பில் இது நடக்காது. அங்கே போனது போனதுதான். லெவல் பார்க்கத் தனி ஆள் வைக்க வழியில்லாத குழுவுக்கு, அந்த ஆளின் சம்பளத்தை இந்தக் கருவி மிச்சப்படுத்துகிறது என்றே சொல்வேன்.

ஆனால் இந்த ஃப்ளோட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அது காப்பாற்றுவது ரெக்கார்டரை மட்டுமே. மைக்கே திணறிவிட்டால் எந்தக் கோப்பு வடிவமும் கைகொடுக்காது. நான்காம் நாள் கல்யாணக் காட்சியில் நாகசுரத்தின் அணைசுக்கு இரண்டடி தூரத்தில், பக்கவாட்டில் தவிலும் முழங்க, மைக்கை நீட்டியபோது உடைந்த ஒலி, எஃப்3இலும் உடைந்தே வந்தது. எட்டடி பின்வாங்கி நின்ற பிறகுதான் சரியானது. அதேபோல் பக்கத்து வயலில் ஓடும் பம்ப்செட் மோட்டாரையும் எந்த ரெக்கார்டரும் அகற்றாது. பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இரு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது, மோட்டார் ஓசையோ குறையாமல் அப்படியே நிற்கிறது. மைக்கை நெருக்கிக் கொண்டுபோவதும், மோட்டாருக்கு உரியவரிடம் போய் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்பதும்தான் அதற்கு மருந்து. எங்களுக்கு அவர் நிறுத்தியும் கொடுத்தார், ஒரு காட்சியில் தலைகாட்டவும் ஒப்புக்கொண்டார்.

பேட்டரி விஷயத்தில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு படத்தில், ரெக்கார்டரிலிருந்து கேபிள் வழியே மைக்குக்குப் போகும் பேண்டம் பவரை இயக்கியபடியே கருவியைக் காலையிலிருந்து விட்டுவைத்து, மாலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய ஒரே காட்சியின்போது அது அணைந்துபோய் நின்றேன். 48 வோல்ட் பேண்டம் மின்சாரம் சிறிய பேட்டரிகளை விரைவில் உறிஞ்சிவிடும். டிஆர்-40எக்ஸுக்கு மூன்று பென்டார்ச் பேட்டரிகள் வேண்டும், மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. எஃப்3ஐ யூஎஸ்பி-சி வழியே பவர் பேங்கில் ஓட்டலாம் என்பதால் ஒரு பவர் பேங்கைத் தோள்பையில் போட்டுவிட்டு நாள் முழுவதும் கவலையின்றி இருந்தேன். இரவல் கருவியோடு போகிறவர்கள், ரோட் என்டிஜி2 போலத் தனக்குள்ளேயே ஒரு பேட்டரி போட்டுக்கொள்ளும் மைக்கைத் தேடினால் பேண்டமை அணைத்தே வைக்கலாம்.

மெமரி கார்டு பெரிய செலவில்லை: 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு 24 பிட்டில் ஏறத்தாழ 1 ஜிபி, 32 பிட் ஃப்ளோட்டில் 1.4 ஜிபி.

எஃப்3இல் உள்ளமைந்த மைக் கிடையாது, உள்ளீடும் இரண்டே. எனவே கையில் மைக்கே இல்லாதவர் அதை முதலில் வாங்குவது, ஏரில்லாமல் நுகத்தடி வாங்குவதுபோல. அப்படிப்பட்டவருக்கு டிஆர்-40எக்ஸ் அல்லது எச்4என் புரோ பொருத்தம். இரண்டிலும் ஸ்டீரியோ மைக் உண்டு, ஆற்றங்கரைச் சூழல் ஒலிக்கும் தவளைச் சத்தத்துக்கும் அதுவே போதும். இரண்டில் ஒன்று என்றால் இரட்டைப் பதிவுக்காக டாஸ்காமைத்தான் எடுப்பேன். ஆனால் வசனத்துக்கு அந்த உள்மைக்கை நம்ப வேண்டாம், கருவியைப் பிடித்திருக்கும் விரலின் உராய்வுகூட அதில் விழும்.

நான் கடைசியில் எஃப்3ஐத்தான் சொந்தமாக வாங்கினேன். மிச்சப் பணத்தில் காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்றும், காற்றுத் தடுப்புக்கு அடர்ந்த மயிர்த்துணியும் வாங்கினேன். துணியை மைக்கின் அளவுக்கு உறைபோல் தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருத் தையல்காரர். விடியற்பனியில் குடமுருட்டி ஆற்றங்கரையில் மைக் கடுகு பொரிவதுபோல் படபடத்தது. ஈரம் ஏறினால், இயங்க மின்சாரம் கேட்கும் கன்டென்சர் வகை மைக்குகள் அப்படித்தான். இப்போது ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு ஒரு எவர்சில்வர் தூக்கில் அதை மூடி வைக்கிறேன், வீட்டில் அந்தத் தூக்கைத் திருப்பிக் கேட்கிறார்கள்.