நியூயார்க் ஹை லைன் பூங்கா: வடக்கு முனையிலிருந்து, காலையிலேயே

நியூயார்க் போகிறவர்கள் ஹை லைனைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் எந்த நேரத்தில் போகிறீர்கள், எந்த முனையில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் அது பிடிப்பதும் பிடிக்காமல் போவதும். நுழைவுக் கட்டணம் கிடையாது. மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் கான்ஸ்வோர்ட் தெருவுக்கும் 34வது தெருவுக்கும் இடையில் சுமார் 2.3 கிலோமீட்டர், தரையிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்தில், ஒரு சிக்னல்கூடக் குறுக்கிடாமல் நடக்கலாம்.

1934ல் சரக்கு ரயிலுக்காகத் திறந்த பாலம் இது. அதற்கு முன் 10வது அவென்யூவில் ரயில் தெரு மட்டத்திலேயே ஓடி, அடிபட்டுச் செத்தவர்கள் அதிகமாகி, அந்தச் சாலைக்குச் 'சாவு அவென்யூ' என்றே பெயர் வந்துவிட்டது. ஆட்களை விலக்க ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஒருவர் போவாராம். லாரிகள் பெருகியதும் சரக்கு குறைந்து, 1980ல் ரயில் நின்றேபோனது. அப்புறம் காற்றில் வந்த விதைகள் முளைத்துப் பாலம் முழுக்கப் புல்லும் பூவும். இடித்துவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் 1999ல் ஒரு அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். முதல் பகுதி திறந்தது 2009ல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நடைபாதைதான். நீள நீளமான சிமெண்ட் பலகைகள், ஓரத்துக்குப் போகப் போகச் சீப்புப் பல் மாதிரி பிரிந்து ஒல்லியாகி மண்ணுக்குள் இறங்கிவிடும், நடுவில் புல் எட்டிப் பார்க்கும், பாதை எங்கே முடிகிறது செடி எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. மழைத்தண்ணீரும் அந்த இடைவெளி வழியாகச் செடிக்கே போகிறது. பழைய தண்டவாளங்களைக் கழற்றி, அடையாளம் போட்டு வைத்திருந்து, பல இடங்களில் திரும்பப் பதித்திருக்கிறார்கள். செடிகளைத் தேர்ந்தெடுத்தவர் நெதர்லாந்துக்காரர் பீட் ஊடால்ஃப். காய்ந்த தண்டுகளையும் விதைத் தலைகளையும் குளிர்காலம் முழுக்க வெட்டாமல் விடுவது அவர் பாணி, அதனால் பூவே இல்லாத மாதங்களிலும் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. பூ முடிந்ததும் பிடுங்கி எறியும் பூங்காக்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

17வது தெருப் பக்கம் பாலத்தின் அடிவயிற்றை வெட்டி, படி படியாக உட்காரும் இடம் அமைத்து, எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே கார்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

குறை என்றால் முதலில் கூட்டம். 2019ல் சுமார் 80 லட்சம் பேர் வந்த இடம். விடுமுறை நாள் மதியத்தில் குறுகலான பகுதிகளில் நின்று ரசிக்க வழியில்லை, பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே போவார்கள். அடுத்தது, 2005ல் கட்டட விதிகளை மாற்றியதும் இருபுறமும் எழும்பிய சொகுசுக் கோபுரங்கள். சில இடங்களில் ஹட்சன் ஆறு தெரிய வேண்டிய பக்கம் யாரோ ஒருவரின் வரவேற்பறை தெரிகிறது. பக்கத்திலேயே இருக்கும் அரசுக் குடியிருப்பு மக்களுக்கு இந்தப் பூங்கா போதிய அளவு பயன்படவில்லை என்று ஹாமண்டே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால், பழைய ரயில் பாதையைப் பூங்காவாக்க நினைக்கும் எந்த ஊரும் செடியை நடுவதற்கு முன் சுற்றியுள்ளவர்களின் வாடகைக்கு ஒரு வழி செய்ய வேண்டும். பூங்கா வந்தபின் பேசினால் நிலத்தின் விலை காத்திருக்காது.

வார நாள் காலையில் வடக்கு முனையான 34வது தெருவில் ஏறுங்கள். அங்கே படி இல்லை, சரிவுப் பாதைதான். 2014ல் திறந்த அந்தப் பகுதியில் தானாக முளைத்த செடிகளை விட்டுவைத்தார்கள், ஹட்சன் ஆறும் நன்றாகத் தெரியும். நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. கழிப்பறை குறைவு, லிஃப்ட்டும் எல்லா வாசலிலும் இல்லை, அதனால் முதியவர்களோடு போகிறவர்கள் எங்கே இறங்குவது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.