வீடியோவை நீக்கித் தருகிறேன் என்று சொல்லி 34,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நீக்கித் தருகிறேன் என்றவனின் எண் நேற்று ராத்திரிதான் என்னை பிளாக் செய்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என் சுபாவம் அப்படி. போனது 34,500 ரூபாய்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாவட்டம் பாலக்காடு, வீட்டில் பேசுவது தமிழ், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி. அக்கா வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷமாக மொபெட்டில் பெட்ஷீட்டும் கொசுவலையும் கட்டிக்கொண்டு சித்தூர், கொல்லங்கோடு, நெம்மாறை என்று ஊர் ஊராகத் தவணைக்கு விற்கிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வீட்டு கேட்டில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். யாரோ மாடியிலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிற வேறொருவனின் சிசிடிவி வீடியோவை அதோடு ஒட்டி, மேலே மலையாளத்தில் 'சூக்ஷிக்குக', அதாவது 'ஜாக்கிரதை' என்று போட்டுப் பரப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வழுக்கையும் கட்டம் போட்ட சட்டையும் மட்டும்தான். வீடியோவில் இருக்கிறவன் மாமாவைவிட ஒரு சாண் உயரம். பார்த்தாலே தெரியும். யார் பார்த்தார்கள்?

இரண்டாம் நாள் வண்டியை மறித்து, சாவியைப் பிடுங்கி, சுற்றி நின்றுகொண்டார்கள். அவரிடம் தவணைக்கு வாங்குகிற ஒரு சேச்சி ஓடி வந்து சத்தம் போட்டதால் தப்பித்தார். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து அடித்து, ஒரு வயதான அம்மாவைக் கொன்றார்களே, அக்காவுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மாமாவை அதற்குப் பிறகு வாசல் தாண்ட விடவில்லை.

ஸ்டேஷனில் புகார் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஆனால் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வாட்ஸப் குரூப் அட்மினைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் போட்டதில்லை சேட்டா, வந்ததை அனுப்பினேன்" என்றான். ஃபார்வர்டு செய்வதும் அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அவனிடம் அப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் வந்திருக்காது. அந்த வருஷம் கேரளா முழுக்க ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்று ஒரு பீதி கிளம்பியதே, அதை நானும் நாலு குரூப்புக்கு அனுப்பியவன்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ஒரு மணிக்கு, வீடியோவை எப்படி நீக்குவது என்று தேடினேன். அவதூறுப் பதிவுகளை 48 மணி நேரத்தில் நீக்கித் தருவதாக ஒரு விளம்பரம் முதலில் வந்து நின்றது. எண்ணைத் தட்டினேன். அந்த நேரத்துக்கும் ஒருவன் எடுத்தான். நம் பக்கத்துப் பேச்சு. "அண்ணா, நமக்கும் பொள்ளாச்சிப் பக்கம்தானுங்க" என்றான். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "மாமா சாப்பிடறாருங்களா? மொதல்ல அவரைச் சாப்பிட வைங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த மூன்று நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன். நான் விழுந்தது அங்கேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

லிங்க் எல்லாம் சேகரிக்க 4,500. வக்கீல் நோட்டீஸுக்கு 12,000. அப்புறம் 'சர்வரிலிருந்தே அழிக்க' 18,000. மூன்றும் ஜிபேயில், மூன்று வேறு வேறு பெயருக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும். மூன்றாவது தவணைக்கு அக்கா தோட்டை அடகு வைத்தாள்.

ஐந்தாம் நாள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று. வீட்டில் பாயசம் வைக்காத குறை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன்தான் கண்டுபிடித்தான். அந்த ஏமாற்றுக்காரன் லிங்க்கின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்த்துத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறான். தப்பான லிங்க்கில் பக்கம் எப்படிக் கிடைக்கும்! சரியான லிங்க்கில் வீடியோ அப்படியே இருந்தது.

கேட்டால் சனி ஞாயிறு லீவு. திங்கட்கிழமை கேட்டால் லீகல் டீம் பெங்களூரில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, "இன்னும் ஒரு 6,000 கட்டினீங்கன்னா முடிஞ்சுருமுங்க". கத்தினேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அப்புறம் வீடியோ இன்னும் பரவினா நான் பொறுப்பில்லை" என்றான். மிரட்டுகிறானா, ஆறுதல் சொல்கிறானா? பிறகு பிளாக். பணம் அனுப்பிய செயலியின் உதவி எண்ணில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே வரியை மூன்று தடவை படித்தார்கள். 34,500 ரூபாய் என்று நானும் மூன்று தடவை சொன்னேன்.

அவன் டிபியில் ஒரு முகம் இருக்கிறது. கோட் போட்டு, சிரித்துக்கொண்டு. அதை இங்கே போட்டுக் கிழி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காலையில் எடுத்து வைத்து அனுப்பக் கைகூடப் போய்விட்டது. ஆனால் அது அவன் முகம்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எந்த ஊர் மாப்பிள்ளையின் கல்யாண போட்டோவோ! போட மாட்டேன். திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நான் நாள் கடத்திவிட்டுக் கூப்பிட்டேன், அதற்குள் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. சமூக வலைத்தளங்களில் புகார் கொடுக்கக் காசு கிடையாது. மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் எல்லாவற்றுக்கும் குறைதீர் அதிகாரி உண்டு, 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் சொல்லியாக வேண்டும். வாட்ஸப்பில் அடுத்தவர் போனில் இருப்பதை எந்தக் கம்பெனியும் வெளியிலிருந்து அழிக்க முடியாது. அழிக்கிறேன் என்கிறவன் திருடன். அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். வேலந்தாவளம் பக்கத்து குரூப் ஒன்றில் மாமா படம் நேற்று ராத்திரி மறுபடி வந்திருக்கிறதாம். இந்தத் தடவை தமிழில்.