பட மெனுவும் சிஎஸ்எஸ் ரோல்ஓவரும்: பல வருடப் பழக்கத்தில் கண்டது

இணையப் பக்கத்தில் படங்களால் ஆன மெனுவை முதலில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில்தான் செய்தேன். ஒவ்வொரு பட்டனுக்கும் சாதாரணப் படம் ஒன்று, மவுஸ் மேலே வந்தால் மாறுவதற்கு இன்னொன்று. இந்த மாற்றம்தான் ரோல்ஓவர். இரண்டாவது படம் முன்கூட்டியே இறங்காவிட்டால், முதல் முறை மவுஸை வைத்ததும் பட்டன் ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பும்.

அதைத் தீர்த்தது, எல்லா நிலைகளையும் ஒரே படத்தில் வைத்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியால் தேவையான பகுதியை மட்டும் காட்டும் முறை. 2004இல் வெப் டிசைனர் டேவ் ஷே விளக்கி எழுதியபின் ‘சிஎஸ்எஸ் ஸ்பிரைட்’ என்ற பெயரில் இது பரவலானது. என் மெனுவில் ஆறு பட்டன்கள். ஒவ்வொன்றும் 120 பிக்சல் அகலம், 40 உயரம். சாதாரண நிலை, ஹோவர் (மவுஸ் மேலே இருக்கும் நிலை), இப்போது இருக்கும் பக்கம் என மூன்று வரிசைகள். ஆக 720க்கு 120 அளவில் ஒரே படம். மூன்றாவது பட்டனின் ஹோவருக்கு, பின்னணிப் படம் எங்கே தொடங்கவேண்டும் என்று சொல்லும் பேக்ரவுண்ட் பொசிஷன் மைனஸ் 240, மைனஸ் 40. மைனஸ் ஏன் என்று புரியவே எனக்குச் சில நாள் ஆனது. பட்டன் ஒரு ஜன்னல், அது அசையாது, பின்னால் இருக்கும் படத்தைத்தான் இடப்பக்கமும் மேலேயும் இழுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். பதினெட்டுப் படங்களுக்குப் பதில் ஒன்றுதான் இறங்குகிறது. அது முதலிலேயே வந்துவிடுவதால் கண்சிமிட்டலும் இல்லை.

தொல்லை பராமரிப்பில் இருந்தது. ஒரு பட்டனின் பெயர் சற்று நீண்டாலும் படத்தைத் திறந்து மூன்று வரிசையிலும் திருத்தவேண்டும். அகலம் மாறினால் அதற்கு வலப்பக்கம் உள்ள அத்தனை எண்களும் மாறும். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு அடுத்த வரிசையின் ஓரம் மெல்லிய கோடாக எட்டிப்பார்க்கும். வரிசைகளுக்கு நடுவே 2 பிக்சல் இடம் விட்ட பிறகே நின்றது. பிக்சல்கள் அடர்த்தியான திரைகளில் எழுத்து மங்கியபோது படத்தை இருமடங்காக வரைந்து, அது காட்டப்படும் அளவான பேக்ரவுண்ட் சைஸை, வரிசை இடைவெளிகளும் சேர்த்து 720, 124 என்று கொடுத்தேன். பொசிஷன் எண்களைத் தொட வேண்டியிருக்கவில்லை என்பது பெரிய ஆறுதல்.

என்னை இன்றும் உறுத்துவது வேறு. லிங்க்கின் எழுத்தை மறைக்க, அதைத் திரைக்கு வெளியே இடப்பக்கம் தள்ளும்படி டெக்ஸ்ட் இன்டென்ட் மைனஸ் 9999 பிக்சல் போட்டிருந்தேன். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்துவிடும். ஆனால் படம் வராவிட்டால் மெனுவே வெற்றிடம். டேப் விசையில் நகர்ந்தால், எந்த லிங்க்கில் நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் கோடு திரையின் இடது எல்லை வரை நீளும். அசிங்கமாக இருக்கிறதென்று அந்தக் கோட்டையே (அவுட்லைன்) எடுத்துவிட்டேன். கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தான் எந்த பட்டனில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போனது. பட்டனுக்கு வெளியே போவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் என்ற ஒரே வரி போதுமாக இருந்திருக்கும். ஹோவருக்கு எழுதிய ஒவ்வொரு விதியையும் ஃபோகஸுக்கும் எழுதுவது அதன்பின் வந்த பழக்கம்.

தொடுதிரையில் ஹோவர் ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் பட்டன் நிறம் மாறியே இருக்கும். அதனால் ஹோவர் விதிகளை, ஹோவர் வசதி உள்ள கருவிகளில் மட்டும் செயல்படும் நிபந்தனைக்குள் (மீடியா குவெரி) வைத்திருக்கிறேன்.

2015இல் இணையப் பக்கங்களை அனுப்பும் நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி/2 வந்து, ஒரே இணைப்பில் பல கோப்புகள் சேர்ந்தே இறங்கத் தொடங்கிய பின், ஸ்பிரைட்டின் வேக லாபம் குறைந்துவிட்டது. இப்போது என் மெனுவில் பெயர்கள் உண்மையான எழுத்துகள், பக்கத்தோடு இறங்கும் எழுத்துருவான வெப் ஃபான்டில். சின்னங்கள் மட்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வகைப் படங்களின் ஸ்பிரைட்டில் இருக்கின்றன. போன வாரம் ஒரு பட்டனின் பெயரை மாற்றினேன்; படம் வரையும் மென்பொருளைத் திறக்கவே இல்லை.