பழைய யெஸ்டி வாங்கப் போகிறீர்களா? சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்

போன ஜூன் மாதம் 52,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய யெஸ்டி ரோட்கிங் பைக் வாங்கினேன். இன்றைக்கு அது பொள்ளாச்சிப் பக்கம் என் மாமா தோப்பில், மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஓட்ட முடியாது, விற்க முடியாது, பேர் மாற்ற முடியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பழைய வண்டிமேல் ஆசை வைத்திருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, பணத்தை வெளியே எடுக்காமல் வீடு திரும்பினால் போதும்.

யெஸ்டிதான் வேண்டும் என்று நான் அலைந்ததற்குக் காரணம் மாமாதான். நான் பத்தாவது படிக்கும்போது தோப்புச் சாலையில் அவருடைய வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மற்ற வண்டிகளில் கிக்கர் தனி, கியர் தனி. யெஸ்டியில் இரண்டும் ஒரே லீவர்தான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து ஸ்டார்ட் செய்தபின் கீழே இறக்கினால் கியர். இன்ஜினுக்கு ஒரு சிலிண்டர்தான், ஆனால் புகை போக இரண்டு சைலன்சர். அந்தச் சத்தத்தை வைத்தே மாமா எந்த வளைவில் வருகிறார் என்று அத்தை சொல்லிவிடுவார். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-இல் ஜாவா என்ற பேரில் செய்யத் தொடங்கி, 1973-இலிருந்து யெஸ்டி என்ற பேரில் விற்ற வண்டி இது. 1996-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மாமாவின் வண்டியை அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது விற்றார்கள். அந்த ஞாபகம்தான் என்னை இந்த ரோட்கிங்கை விற்றவரின் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது.

2022-இல் யெஸ்டி என்ற பேரில் புது வண்டிகள் வந்தபிறகு பழசுக்கும் விலை ஏறிவிட்டதாகத்தான் எனக்குத் தெரிகிறது. நான் விசாரித்த ரோட்கிங்குகளுக்கெல்லாம் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் கேட்டார்கள். எனக்கு விற்றவர் மட்டும் 65,000 என்றார். கோவையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஏழெட்டுப் பழைய வண்டிகள். "அப்பா வண்டி தம்பி, 84 மாடல். அவரு போயி ரெண்டு வருசமாச்சு. பாத்துப் பாத்து வெச்சிருந்தாரு. யாரோ ஒருத்தர் நல்லா வெச்சுக்கோணும்னுதான் குடுக்கறேன்" என்றார். அப்பாவை இழந்தவரிடம் பேரம் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கடைசியில் 52,000-க்கு முடிந்தது.

நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியின் நோய்கள் பாதிக்குமேல் குளிர்ந்த இன்ஜினை முதல் உதை உதைக்கும்போதுதான் தெரியும். வரப்போவதை முன்பே சொல்லியும் ஒருவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள், அல்லது மறுநாள் காலை சொல்லாமல் போய் நில்லுங்கள். சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீங்களே உதையுங்கள். தொடங்கும்போது கொஞ்சம் புகை வருவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் வெள்ளைப் புகை நிற்காமல், கியர் ஆயில் கருகும் வாடையும் வந்தால், கிராங்க் சீல் (இன்ஜினுக்குள் ஆயிலோ காற்றோ கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பேப்பர். பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்றைக் காட்டினார். மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவெண். உள்ளே, 2027 வரை புதுப்பித்ததாக முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், விவரம் எதுவும் வரவில்லை. "பழைய வண்டியெல்லாம் அதுல வராது தம்பி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் நம்பினேன். பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றப்படாத வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் இப்போது புதுப்பித்தல் எல்லாமே கணினி வழியாகத்தான் நடக்கிறது. புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். 2027 வரை என்றால் 2022-இல் புதுப்பித்திருக்க வேண்டும். அப்படிப் புதுப்பித்திருந்தால் அது அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏறாமல் இருக்க வழியே இல்லை. புத்தகத்தில் புது முத்திரை, செயலியில் வெறுமை என்றால், இரண்டில் ஒன்று பொய். இந்த ஒரு கணக்கை அன்றைக்கு நான் போட்டிருந்தால் 52,000 மிஞ்சியிருக்கும்.

அப்பா இறந்துவிட்டார் என்றவர், வண்டியை விற்றுப் பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டையும் அதே அப்பாவின் கையெழுத்தோடு நீட்டினார். "முன்னாடியே போட்டு வெச்சுட்டுப் போயிட்டாரு" என்றார். வண்டி உரிமையாளர் இறந்துவிட்டால், முதலில் வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பேருக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் விற்க முடியும். இறந்தவர் கையெழுத்தோடு யாராவது 29, 30 கொடுத்தால் வாங்காதீர்கள். வாரிசுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

என் அவசரமும் அவருக்குக் கைகொடுத்தது. ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகக் கூடும் நாள். அதற்கு இந்த வண்டியில் போக வேண்டும் என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். உடனே, "நாளைக்குக் கரூர்ல இருந்து ஒரு பார்ட்டி வருது" என்றார். 5,000 முன்பணம் போனில் அனுப்பினேன், மீதி 47,000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார், கொடுத்தேன். முன்பணம் போன எண் வேறு யாருடைய பேரிலோ இருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் உடுமலை தாண்டி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்சக்கரம் அப்படியே கவ்விப் பிடித்தது. கிளட்ச்சை அழுத்தியதால் விழாமல் தப்பினேன். பின்னால் வந்த லாரி ஒதுங்கிப் போனது. அந்தப் பத்து விநாடி இன்னும் தூக்கத்தில் வருகிறது.

வண்டியை ஒரு மினி டெம்போவில் ஏற்றி, முப்பது வருடமாக ஜாவா, யெஸ்டி மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வாங்குவதற்கு முன் இவரை அழைத்துப் போயிருக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றியதும் காட்டினார். ஏற்கனவே கடைசி அளவு வரை போர் போட்டாகிவிட்டது, அதாவது சிலிண்டரின் உட்புறத்தை இதற்குமேல் கடைந்து பெரிதாக்க முடியாது, இனி உள்ளே இருக்கும் ஸ்லீவ் என்ற குழாயைத்தான் மாற்ற வேண்டும். சூடு தணிக்கச் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகளில் (ஃபின்) உடைந்ததை எம்சீல் வைத்து ஒட்டி மேலே கறுப்பு பெயின்ட். தீப்பொறிக்கான பாயிண்ட் இருக்கும் பக்கத்து கிராங்க் சீல் காய்ந்து காற்று உறிஞ்சியிருக்கிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால், பெட்ரோலில் கலந்த ஆயிலும் குறையும். சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். "இதெல்லாம் பண்ணிக்கலாம், பதினெட்டு இருவதாயிரத்துல முடிச்சுத் தர்றேன், கவலப்படாதீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் பெட்ரோல் டாங்க்கைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஹேண்டில்பார் நுழையும் கழுத்துப் பகுதியில், வண்டியின் சட்டத்தில் கம்பெனி அடிக்கும் சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில், பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தார். கறுப்பு பெயின்ட் போனது, அதற்குக் கீழே மெல்லிய பட்டிப் பூச்சு வந்தது, அதற்கும் கீழே அரம் போட்ட கீறல்கள். அந்தக் கீறல்களுக்கு மேல்தான் எண்களை அடித்திருந்தார்கள். "கம்பெனி அடிச்ச நம்பரும் கொஞ்சம் ஏறி எறங்கித்தான் இருக்கும் தம்பி, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அதுக்கடியில அரம் ஓடியிருக்காது" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இதுல இனி நான் கை வெக்க மாட்டேன். நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வாங்க" என்றார்.

இதைத்தான் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் காசு போட்டால் சரியாகும். சேஸிஸ் நம்பரில் கை வைத்த வண்டியை எவ்வளவு காசு போட்டாலும் உங்களுடையது ஆக்க முடியாது. நாமோ இன்ஜின் சத்தத்தை அரைமணி நேரம் கேட்கிறோம், நிக்கல் பூச்சைத் தடவிப் பார்க்கிறோம், நம்பரை இரண்டு விநாடி எட்டிப் பார்க்கிறோம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே பார்த்தார். பென்சிலால் தாளில் தேய்த்து நம்பரைப் படி எடுத்தார். பழைய பதிவேட்டைத் தேடச் சொன்னார். அந்தப் பதிவெண் உண்மைதான், ரோட்கிங்தான். ஆனால் கடைசியாகப் புதுப்பித்தது 2009-இல், அதுவும் 2014-இலேயே முடிந்துவிட்டது. என் புத்தகத்தில் இருந்த முத்திரை அவர்கள் அலுவலகத்துடையதே இல்லை.

பதிவேட்டில் இருந்த முகவரிக்குப் போனேன். உரிமையாளர் காலமாகிவிட்டார், அது மட்டும் உண்மை. அவருடைய நிஜ மகன் கதவைத் திறந்தார், பள்ளி ஆசிரியர். நான் சொன்னதைக் கேட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன் வண்டி துருப்பிடித்துப் போனதால் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். "புத்தகத்தையும் கேட்டாங்க, இனி நமக்கு எதுக்குன்னு குடுத்துட்டேன். அப்பா கையெழுத்த யாரோ போட்டிருக்காங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நல்ல மனிதரின் அப்பா பேரை ஒரு திருட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், பணம் போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தயவுசெய்து கேளுங்கள்: வண்டியை எடைக்குப் போடுகிறீர்கள் என்றால் ஆர்.சி.யை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். செத்த வண்டியின் புத்தகத்தைத்தான் திருட்டு வண்டிக்குப் போர்த்துகிறார்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். புகாரைப் பெற்றதற்கு அன்றே சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், மூன்று வாரம் கழித்து முதல் தகவல் அறிக்கை பதிவானது. வண்டியை எதுவும் செய்யக்கூடாது, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அந்த ஆளின் போன் அணைந்துவிட்டது. கொட்டகை வாடகைக் கொட்டகையாம், காலி செய்துவிட்டுப் போய்விட்டார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் பதிவெண், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் போட்டால் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றே வந்தது. அழித்த நம்பர் யாருக்கும் தெரியாதபோது எப்படி வரும்? வாங்குமுன் அதிலும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அதே கொட்டகையில் லாம்பிரெட்டா இன்ஜின் வைத்த ஒரு மூன்று சக்கர வண்டியையும் அவர் எனக்குக் காட்டினார். பார்க்க அவ்வளவு அழகு. "அம்பது வருசம் ஆயிருச்சு, வின்டேஜ், இதுக்குப் பேப்பரே வேண்டாம்" என்றார். இதே பேச்சை வேறு இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறேன். 2021-இல் வந்த வின்டேஜ் விதி இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும்தான், மூன்று சக்கரத்துக்குக் கிடையாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், ஆவணங்களும் காட்ட வேண்டும். பேப்பர் இல்லாத வண்டிக்கு அது புகலிடம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் கையில் இருப்பது யாரோ ஒருவர் தொலைத்த வண்டி. டாங்க்குக்கு அடியில் சுரண்டிப் பார்த்தபோது கறுப்புக்குக் கீழே பழைய கருஞ்சிவப்பு தெரிந்தது. டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் பழனி முருகன் படம் ஒட்டியிருக்கிறது, பாதி கிழிந்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டின் இடது காலில் பழைய வெல்டிங் தழும்பு. சீட்டுக்கு அடியில், முன்னால் குழந்தை இருக்கை மாட்ட யாரோ போட்ட இரண்டு ஓட்டைகள். இப்படி ஒரு ரோட்கிங்கைப் பறிகொடுத்தவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அவர் புகார் கொடுத்த நகலோடு வந்தால், நானே காவல் நிலையத்துக்குக் கூட வருகிறேன். பெட்ரோல் டாங்க்கைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.